துப்பாக்கிக் குழல் தேய்வது ஏன்?

பம்மல் கடைத்தெருவில் இஸ்திரி போடுபவரைக் கவனியுங்கள். கரி கனலும் பெட்டியைத் துணிமேல் ஓட்டிக்கொண்டே இருக்கிறார், துணி கருகுவதில்லை. ஒரே இடத்தில் வைத்துவிட்டால்? துப்பாக்கிக் குழலுக்கும் இதே கணக்குத்தான்.

திருச்சியில் 1966-இல் தொடங்கிய துப்பாக்கித் தொழிற்சாலையில் தயாரான இன்சாஸ் துப்பாக்கியையே எடுத்துக்கொள்வோம். தோட்டாவின் மருந்து எரியும்போது உண்டாகும் வாயுவின் வெப்பநிலை சுமார் 2,500 டிகிரி சென்டிகிரேடு. எஃகோ 1,500 டிகிரியை ஒட்டி உருகிவிடும். குழல் ஏன் உருகவில்லை? குண்டு வெளியேற விநாடியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே ஆகிறது. அதற்குள் வெப்பம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஆழம் புகுந்தாலே அதிகம்.

ஆனால் அந்த மெல்லிய தோல் படும் பாடு பெரிது! சூடேறி விரிய முயல்கிறது. அடியிலுள்ள குளிர்ந்த எஃகு விடுவதில்லை. மறுகணம் சுருங்குகிறது. நாளடைவில் வலைபோல் வெடிப்புகள் தோன்ற, வாயு அவற்றை அரிக்கிறது. சுருள் வரிகள் தொடங்குமிடத்தில்தான் அரிப்பு மிகுதி. வரிகள் மழுங்கினால் குறி பிசகும். குழலின் ஆயுள் முடிந்தது. இதைத் தள்ளிப்போடவே இன்சாஸ் குழலின் உட்புறத்தில் குரோமிய முலாம் பூசினார்கள். குரோமியம் உருக 1,900 டிகிரி வேண்டும்.

நூறு குண்டுகளை நிதானமாகச் சுட்டால் வெப்பம் வெளியேற அவகாசமுண்டு. விடாமல் சுட்டால் ஒவ்வொரு குண்டும் முந்தையதைவிடச் சூடான பரப்பைத் தாக்கும், தேய்வும் பெருகும். அதனால்தான் முதல் உலகப் போரின் விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கியில் குழலைச் சுற்றி உறையமைத்து, சுமார் 4 லிட்டர் நீர் நிரப்பினர். கொதித்தெழுந்த நீராவியைக் குழாய்வழியே ஒரு தகரத்தில் குளிர்வித்து, அந்த நீரையே மீண்டும் ஊற்றினர்.