ஒரு வீட்டின் பதில் எத்தனை வீடுகளுக்குச் சமன்?

உங்களுக்குத் தெரியுமா? 2016இல் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் நடத்திய குடித்தொகை, சுகாதார அளவீட்டுக்கு நாடு முழுவதும் 28,720 வீடுகளே தெரிவாயின. 2012 தொகைமதிப்பின்படி கொழும்பு மாவட்டத்தில் 23 இலட்சம் பேர். முல்லைத்தீவில் 92 ஆயிரம். சனத்தொகைக்கேற்பப் பங்கிட்டால் முல்லைத்தீவுக்கு ஏறத்தாழ 130 வீடுகள்தான் வரும். அதை வைத்து அங்குள்ள தாய்மார், பிள்ளைகளின் நிலையைத் துணிந்து சொல்ல முடியாது.

ஆகவே இத்தகைய அளவீடுகளில் சிறிய மாவட்டங்களில் கூடுதலான வீடுகளை எடுப்பார்கள். ஆனால் தேசியக் கணக்கில் அவற்றின் குரல் அளவுக்கு மீறிப் பெருத்துவிடும். அதைச் சரிசெய்வதுதான் 'நிறை'. நூறு வீட்டுக்கு ஒன்று தெரிவானால் அந்த வீட்டின் நிறை 100. ஐந்நூறுக்கு ஒன்றென்றால் 500. கதவு பூட்டியிருந்த, பதில் தர மறுத்த வீடுகளுக்காகவும் நிறை சற்றுக் கூட்டப்படும். நாவிதன்வெளியில் ஒரு வீடு தெரிவானால், அந்த வீட்டுத் தாய் தன் பிள்ளையின் தடுப்பூசி பற்றிச் சொல்லும் பதில் அம்பாறை மாவட்டத்தின் பல வீடுகளுக்காகவும் எண்ணப்படும். அவர் நிதானமாக, உண்மையாகப் பதில் சொல்வது அவ்வளவு பெறுமதியானது.

நிறைக்கும் ஓர் எல்லை உண்டு: யாரும் போகாத ஊருக்கு நிறை கொடுக்க வழியில்லை. போர்க்காலத்தில், 2000ஆம் ஆண்டில் நடந்த இதே அளவீட்டில் வடக்கும் கிழக்கும் சேர்க்கப்படவில்லை. 2006–07இல் கிழக்கு சேர்ந்தது. 25 மாவட்டங்களும் ஒன்றாக இடம்பெற 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.