என்ன சம்பளம் எடுக்கிறீங்க?

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். புதிதாக அறிமுகமாகும் இளைஞரிடம் பெரியவர்கள் கேட்கும் கேள்விகள் ஒரே வரிசையில் வரும். "மகன் எந்த ஊர்? யாருடைய பிள்ளை? எங்கே வேலை?" அடுத்தது, "என்ன சம்பளம் எடுக்கிறீங்க?"

ஆங்கிலேயர் இதை அநாகரிகம் என்பார்கள். நாம் அப்படி நினைத்ததில்லை. வயல் எத்தனை ஏக்கர், தோணி யாருடையது, கடை சொந்தமா வாடகையா என்பதெல்லாம் ஊருக்கே தெரிந்திருந்த காலம் அது. அரசாங்க உத்தியோகத்தின் சம்பளத் திட்டமோ சுற்றுநிருபத்திலேயே வந்துவிடும். தெரிந்ததைக் கேட்பதில் என்ன குற்றம்?

இன்று நிலைமை வேறு. தனியார் கம்பெனியில் பக்கத்து மேசைக்காரரின் சம்பளம் கூடத் தெரியாது. கட்டாரில் இருக்கும் பிள்ளையின் சம்பளத்தை ரூபாவால் பெருக்கிப் பார்க்கிறோம். வாடகை, சாப்பாடு, போவதற்குப் பட்ட கடன் ஆகியவற்றைக் கழிக்க மறந்துவிடுகிறோம். கூட்டிச் சொன்னால் கடன் கேட்டு வருவார்கள். குறைத்துச் சொன்னால் மதிப்புப் போய்விடும். பாவம், அந்தப் பிள்ளை பொய் சொல்லப் பழகிவிடுகிறது!

கேட்க வேண்டிய இடம்

வேடிக்கை என்னவென்றால், கேட்க வேண்டிய இடத்தில்தான் நமக்கு வெட்கம் வந்துவிடுகிறது.

ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களை முஆவியா, அபூஜஹ்ம் (ரலி) இருவரும் பெண் கேட்டார்கள். அவர் நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டபோது, முஆவியாவிடம் செல்வம் இல்லை என்பதை நபியவர்கள் ஒளிக்காமல் சொன்னார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் செய்தி இது. வாழப் போகிறவளுக்கு உண்மை தெரிய வேண்டும்.

நம் கல்யாணப் பேச்சிலும் மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கேட்கிறோம். ஆனால் பல இடங்களில் அது கைக்கூலிக்கு விலை பேசும் கேள்வியாகிவிட்டது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் கைக்கூலியை மணமகளின் உபயோகத்துக்காக மணமகனிடம் கொடுக்கப்படுவது என்றே சொல்கிறது. இது எத்தனை பேருக்குத் தெரியும்? நிக்காஹ் முடிந்த பிறகு கணவரின் உழைப்பு எவ்வளவு என்று தெரியாமலே குடும்பம் நடத்தும் சகோதரிகள் உண்டு. சிலருக்கு அது தெரியவருவது, தாபரிப்புப் பணம் கேட்டுக் காதி நீதிமன்றத்தில் நிற்கும்போதுதான்!

வேலைக்குப் போகும் பெண்பிள்ளைகளும் இப்படித்தான். "முதலாளி பார்த்துத் தருவார்" என்று சேர்ந்துவிடுகிறார்கள். 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி இன்று தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதமும், முதலாளியின் பங்காக 12 வீதமும் கட்டப்பட வேண்டும். சம்பளத்தைக் குறைத்துக் காட்டினால் இந்தச் சேமிப்பும் குறையும். ஆகவே, சேருமுன் சம்பளத்தைக் கேட்பது பேராசை அல்ல, உரிமை.

கேட்பவர் யார்?

நோர்வேயில் ஒருவரின் வரிக்குரிய வருமானத்தை மற்றவர் அரசாங்கப் பதிவில் பார்க்கலாம். ஆனால் 2014 முதல், யார் பார்த்தார் என்பது சம்பந்தப்பட்டவருக்கும் தெரியவரும். அதன் பின் தேடிப் பார்ப்பவர்கள் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள். வெறும் ஆவலுக்குத்தான் வெளிச்சம் பிடிக்காது போலும்!

நாமும் வாய் திறக்குமுன் யோசிப்போம். இந்தப் பதிலை வைத்து நான் செய்யப் போவது என்ன? பெண் கொடுக்கவா, வேலை தேடித் தரவா, கஷ்டப்படுகிறவருக்கு உதவவா? அப்படியானால் தனியாகக் கூப்பிட்டு, காரணத்தையும் சொல்லிக் கேளுங்கள். காரணம் இல்லையென்றால், "வேலை பிடித்திருக்கிறதா மகன்?" என்று கேளுங்கள்.

உங்களிடம் யாராவது சபையில் கேட்டால் பொய் வேண்டாம், கோபமும் வேண்டாம். "அல்ஹம்துலில்லாஹ், போதுமானது கிடைக்கிறது" என்று சிரித்த முகத்துடன் சொல்லுங்கள். ஆனால் வீட்டில் மனைவி கேட்டால் மட்டும், தொகையைச் சொல்லிவிடுங்கள்.