பட்டுப்புழுவின் எதிரி

மைசூர் என்றாலே பட்டு நினைவுக்கு வரும். இங்கே மத்தியப் பட்டு ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனம் 1961 முதல் இயங்கி வருகிறது. சுற்றியுள்ள ஊர்களில் பல குடும்பங்கள் பட்டுப்புழு வளர்க்கின்றன.

பட்டுப்புழு முட்டையிலிருந்து வெளிவந்து கூடு கட்டச் சுமார் 25 நாட்கள் ஆகும். அத்தனை நாளும் இரவு பகலாக உழைக்க வேண்டும். அந்த உழைப்பை ஒரு ஈ வீணாக்கிவிடும். அதன் பெயர் ஊசி ஈ.

இந்த ஈ மேற்கு வங்காளத்தில் நெடுங்காலமாக இருந்தது. 1980-ல் கர்நாடகத்துக்கு வந்தது. அங்கிருந்து கொண்டுவந்த பட்டுக்கூடுகளோடு வந்துவிட்டது. பிறகு தமிழ்நாட்டுக்கும் பரவியது.

ஈ என்ன செய்கிறது?

ஊசி ஈ வீட்டு ஈயைவிடப் பெரியது. சாம்பல் கலந்த கறுப்பு நிறம். அதன் முதுகின் முன்பகுதியில் நான்கு கறுப்புக் கோடுகள் இருக்கும்.

தாய் ஈ பட்டுப்புழுவின் உடல்மேல் முட்டை இடும். முட்டை வெள்ளையாக, குண்டூசித் தலை அளவே இருக்கும். இரண்டு மூன்று நாளில் அது பொரியும். ஈயின் புழு பட்டுப்புழுவின் தோலைத் துளைத்து உள்ளே போகும். துளைத்த இடத்தில் கறுப்பு வடு உண்டாகும். இதுதான் முக்கியமான அடையாளம்.

அந்த வடு எதற்கு? அதுவே ஈப்புழுவுக்கு ஜன்னல். ஈப்புழு தன் பின்முனையை அந்தத் துளையில் வைத்து மூச்சு விடுகிறது. வாயால் உள்ளேயிருந்து தின்கிறது.

எப்படி அடையாளம் காண்பது?

பட்டுப்புழுவுக்குக் கால்கள் உண்டு. தலை தெளிவாகத் தெரியும். பின்பக்கம் சிறு கொம்பு இருக்கும். மூச்சுத் துளைகள் உடலின் இரு பக்கமும் வரிசையாக இருக்கும்.

ஈப்புழுவுக்குக் கால்களே இல்லை. தலையும் தெளிவாகத் தெரியாது. உடல் வளையம் வளையமாக இருக்கும். ஒரு முனை கூர்மை, மறு முனை பருமன். பருமனான முனையில் இரண்டு கறுப்புப் புள்ளிகள் தெரியும். பலர் அவற்றைக் கண்கள் என்று நினைப்பார்கள். அவை கண்கள் அல்ல, மூச்சுத் துளைகள். வாய் கூர்மையான முனையில் இருக்கிறது. அதில் கறுப்புக் கொக்கி உண்டு.

வீட்டு ஈயின் புழுவும் பார்வைக்கு இப்படித்தான் இருக்கும். மூச்சுத் துளையில் உள்ள சிறு பிளவுகளின் வடிவம் ஈக்கு ஈ மாறும். விஞ்ஞானிகள் அதை நுண்ணோக்கியில் பார்த்து இனம் பிரிக்கிறார்கள்.

நட்டம் எப்படி?

இளம்புழுவைத் தாக்கினால் அது கூடு கட்டும் முன்பே சாகும். முதிர்ந்த புழுவைத் தாக்கினால் அது கூடு கட்டும். ஆனால் ஈப்புழு கூட்டைத் துளைத்து வெளியே வரும். துளை விழுந்த கூட்டில் இழை அறுந்துவிடும். நல்ல நூல் எடுக்க முடியாது. விலையும் கிடைக்காது.

தடுப்பது எப்படி?

கதவு, ஜன்னல்களுக்கு நைலான் வலை அடிக்க வேண்டும். தரையில் உள்ள வெடிப்புகளைப் பூச வேண்டும். வெளியே வந்த ஈப்புழு அங்கேதான் ஒளிந்து பழுப்பு நிறக் கூட்டுப்புழுவாக மாறும். கண்ணில் பட்ட ஈப்புழுக்களைப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட வேண்டும். வடு உள்ள பட்டுப்புழுக்களைத் தனியே பிரிக்க வேண்டும்.

ஈக்கும் ஓர் எதிரி உண்டு. அது நெசோலின்க்ஸ் என்ற சிறு குளவி. ஈயின் கூட்டுப்புழுவுக்குள் முட்டையிட்டு அதை அழிக்கும். பட்டுப்புழுவைத் தொடாது. இதைப் பற்றிப் பட்டு வளர்ச்சி அலுவலகத்தில் கேட்டு அறியலாம்.

தினமும் புழுத்தட்டைப் பாருங்கள். கறுப்பு வடு தெரிகிறதா? ஒரு ஈப்புழுவை இன்று கொன்றால், நாளை நூற்றுக்கணக்கான முட்டைகளைத் தடுத்தவர் ஆவீர்கள்.