புழுவின் வயிற்றுக்குள் செய்தி கொண்டு போகும் இறால் ஓடு

திருப்பூர் வட்டார விவசாயியான உங்களுக்குச் சாயப்பட்டறை புதிதல்ல. பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றும்போது எதற்காக அவ்வளவு உப்பைக் கொட்டுகிறார்கள் என்று யோசித்ததுண்டா? தண்ணீரில் நனைந்த பருத்திக்கும் எதிர்மின் தன்மை, ரியாக்டிவ் சாயத்துக்கும் எதிர்மின் தன்மை. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளலைக் குறைக்கவே உப்பு. வேலை முடிந்ததும் அந்த உப்பு கழிவுநீரோடு நொய்யலில் இறங்கிக் கிணறுகளையும் தோட்டங்களையும் கெடுத்தது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்குப் போனது.

இந்தத் தள்ளலைப் போக்க இன்னொரு பொருளும் உண்டு. இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கும் கைட்டோசான். இதற்கு நேர்மின் தன்மை. பருத்தியை முதலில் இதில் நனைத்தால் உப்பைக் குறைத்துச் சாயம் ஏற்றலாம் என ஆய்வுகள் காட்டியுள்ளன. சாயத்தைப் பிடித்து வைக்கும் இதே குணம், இப்போது பயிர்ப் பாதுகாப்பு ஆய்விலும் பயன்படுகிறது.

மரபணுவுக்கு ஓர் உறை

டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. ஆகிய மரபுப் பொருட்களுக்கும் எதிர்மின் தன்மைதான். கைட்டோசான் கரைசலில் கலந்தால் இரண்டும் ஒட்டிச் சுருண்டு நானோ துகளாகிவிடும். ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. உறை இல்லாத ஆர்.என்.ஏ. இலையில் வெயிலுக்கும் மழைக்கும் தாங்காது. புழுவின் வயிற்றில் உள்ள நொதிகளும் அதைச் சிதைத்துவிடும். உறைக்குள் இருந்தால் செல் வரை போய்ச் சேர வாய்ப்பு அதிகம்.

மேல்விஷாரம் காட்டிய வழி

இதை நம் மாநிலத்திலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். மேல்விஷாரம் சி.அப்துல் ஹக்கீம் கல்லூரியில் சாகுல் ஹமீது தலைமையிலான குழு, இறால் பண்ணைகளை அழிக்கும் வெள்ளைப்புள்ளி வைரஸின் ஒரு மரபணுவைக் கைட்டோசான் துகளில் வைத்துத் தீவனத்தோடு இறாலுக்குக் கொடுத்தது. முடிவு 2009-ல் வெளியானது. தீவனம் கொடுத்த 7-ம் நாள் வைரஸைச் செலுத்தியபோது 85 சதவீத இறால்கள் பிழைத்தன. 15-ம் நாளில் 65, 30-ம் நாளில் 50 சதவீதம். இந்தத் தீவனம் தராத இறால்கள் அனைத்தும் இறந்தன.

இந்த எண்களை இன்னொரு முறை பாருங்கள். பலன் உண்மை. ஆனால் நாளாக நாளாகக் குறைகிறது. ஒரு முறை கொடுத்தால் போதும் என்ற கதை இதில் இல்லை.

கொண்டைக்கடலைப் புழுவுக்கு

உடுமலை, குடிமங்கலம் பகுதியில் கொண்டைக்கடலையும் தக்காளியும் போடுபவர்களுக்குப் பச்சைக் காய்ப்புழு பழைய எதிரி. பருத்தியையும் அது விடாது. புனே அகர்கர் ஆராய்ச்சி நிலையக் குழு, இந்தப் புழுவின் வளர்ச்சிக்கும் நரம்புக்கும் தேவையான மரபணுக்களை அடக்கும் ஆர்.என்.ஏ.வைக் கைட்டோசான் துகளில் வைத்துத் தெளித்துப் பார்த்து, 2021-ல் நல்ல முடிவை வெளியிட்டது.

இதில் பயிரின் மரபணு மாறுவதில்லை. பி.டி. பருத்தி போல விதையில் வைப்பதும் இல்லை. இலையைத் தின்னும் புழுவின் வயிற்றுக்குள் செய்தி போய், அதற்குத் தேவையான ஒரு புரதம் உருவாவதைத் தடுக்கிறது.

தடையும் உண்டு. புழுவின் குடல் காரத்தன்மை கொண்டது. காரத்தில் கைட்டோசான் தன் நேர்மின் தன்மையை இழந்து பிடியைத் தளர்த்தும். பாஸ்பேட் உப்பு சேர்த்துத் துகளை இறுக்குவது இதற்கு ஒரு வழி. விலை கட்டுப்படியாக வேண்டும், நன்மை செய்யும் பூச்சிகளுக்குக் கேடு இல்லை என்றும் தெரிய வேண்டும்.

பாட்டிலைப் பார்த்து வாங்குங்கள்

கைட்டோசான் உறையிட்ட ஆர்.என்.ஏ. மருந்து நம் கடைகளுக்கு இன்னும் வரவில்லை. கடையில் கிடைக்கும் கைட்டோசான் திரவம் பயிரின் எதிர்ப்புத் திறனைத் தூண்டும் வகையைச் சேர்ந்தது. அதில் மரபணுவும் இல்லை, புழுவைக் கொல்லும் ஆர்.என்.ஏ.வும் இல்லை. ‘நானோ’ என்று அச்சடித்த பாட்டிலைக் காட்டி ‘காய்ப்புழு ஒரே அடியில் போய்விடும்’ என்று யாராவது சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். உள்ளே இருப்பது என்ன? பூச்சி மருந்து என்றால், 1968-ம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு எண் லேபிளில் எங்கே? ஊக்கி என்றால், 2021 முதல் உயிர் ஊக்கிகளையும் உள்ளடக்கிய உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி அனுமதி எங்கே?

பதில் வரவில்லை என்றால் பணத்தைப் பையிலேயே வையுங்கள். வாங்கிவிட்டால் ரசீதைப் பத்திரப்படுத்தி, வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் காட்டுங்கள். இந்தத் தொழில்நுட்பம் வயலுக்கு வரும் நாள் வரை இனக்கவர்ச்சிப் பொறியும், சரியான நேரத்தில் கவனிப்பும்தான் காய்ப்புழுவுக்கு உங்கள் கையில் உள்ள ஆயுதம்.