கடல் அட்டைக்கு ஏன் தடை?

மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் கடலடி மணலில் ஊர்ந்து திரியும் கடல் அட்டை, நட்சத்திர மீனைப் போன்ற முட்தோலி வகை உயிர். மணலையும் சேற்றையும் விழுங்கி, அதில் மக்கிக் கிடப்பதைச் செரித்துக்கொண்டு, மிச்சத்தைச் சுத்தமான மணலாகக் கழிக்கிறது. நிலத்தில் மண்புழு செய்யும் வேலை இது. அதன் கழிவிலுள்ள சத்து கடற்புல்லுக்கும் பாசிக்கும் போய்ச் சேருகிறது. மீன்குஞ்சும் இறாலும் ஒதுங்கி வளர்வது அந்தக் கடற்புல்லில்தான். கடற்பசுவான ஆவுளியாவுக்கு இரையும் அதுவே.

தமிழகக் கடற்கரையில் இதைச் சமைத்து உண்ணும் வழக்கம் இல்லை. சரக்கு போவதெல்லாம் சீனா, ஹாங்காங், சிங்கப்பூர் சந்தைகளுக்கு. குடலை நீக்கி, அவித்து, ஈர மணலில் புதைத்து, தோலைத் தேய்த்துக் கழுவி, மீண்டும் அவித்து வெயிலில் உலர்த்துவார்கள். எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இதிலேயே குறைந்துவிடும். கடத்தலில் பிடிபடும் உலர்ந்த மூட்டை சிறியதாகத் தெரிந்தாலும், அழிந்த உயிர்கள் ஏராளம்.

75 மில்லிமீட்டருக்குக் குறைந்த உலர் அட்டையின் ஏற்றுமதிக்கு 1982-இல் தடை வந்தது. அது போதவில்லை. 2001-இல் எல்லாக் கடல் அட்டைகளும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அன்று முதல் பிடிப்பதும் விற்பதும் குற்றம். தண்டனை 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. இலங்கையிலோ உரிமம் பெற்றுப் பிடிக்கலாம். படகில் அக்கரை சேரும் கடத்தல் சரக்கு, அங்குள்ள சட்டப்படியான சரக்கோடு கலந்துவிட்டால் பிரித்தறிவது மிகக் கடினம். கடத்தலுக்குத் துணையாக இருப்பது இந்த ஓட்டைதான்.

எஞ்சியவை தானே பெருகிவிடும் என்று எண்ணுவதும் தவறு. ஆணும் பெண்ணும் முறையே விந்தையும் முட்டையையும் நீரில் விடுகின்றன. அருகருகே இருந்தால்தான் அவை சேரும். வாரி எடுத்த பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக மிஞ்சும் அட்டைகள் உயிரோடு இருந்தும் பலனில்லை. மீள்வதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

வலையில் தானாக வந்து விழுவதற்கு நாங்கள் என்ன செய்வோம் என்று மீனவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. தடையை நீக்கச் சொல்லும் அவர்களுடைய குரலுக்குப் பின்னால் இருப்பது பிழைப்பு. தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1988-இலேயே வெள்ளை அட்டையைக் குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டியது. அந்த அறிவு இன்னும் கரையோரக் குடும்பங்களின் வருமானமாக மாறவில்லை. இது பெரிய குறை. லட்சத்தீவு 2020-இல் செரியபாணித் திட்டில் 239 சதுர கிலோமீட்டரைக் கடல் அட்டைக்கென்றே காப்பகமாக ஒதுக்கியது. தமிழகக் கரையில் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு: வலையில் வந்த அட்டையை, மீன் பிரிக்கும்போதே உயிரோடு கடலில் விட்டுவிடுவது.