பகற்பொழுதின் துணை

மூக்குக்கண்ணாடியை வைத்த இடத்தை மறப்பது முதுமையின் இயல்பு. அக்கண்ணாடி எதற்குரியது என்பதையே மறப்பது நோயின் அறிகுறி. நினைவாற்றல், மொழித்திறன், காலம், இடம் பற்றிய உணர்வு ஆகியன படிப்படியாகக் குன்றும் நிலையை மருத்துவர்கள் டிமென்ஷியா என்பர். தமிழில் இதனை மறதிநோய் என்கிறோம். இதன் வகைகளுள் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய். ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் 1906ஆம் ஆண்டில் இதனை விளக்கியதால் அவர் பெயரே நோய்க்கும் அமைந்தது. இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோருள் ஏறத்தாழ 88 இலட்சம் பேர் மறதிநோயுடன் வாழ்வதாக 2023இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிடுகிறது.

பராமரிப்பவரின் சுமை

நோய் வளர வளர, நோயாளரைத் தனியே விட இயலாது. அடுப்பை அணைக்க மறப்பார். வெளியே சென்றால் வீட்டிற்கு வழி தெரியாது திகைப்பார். இரவில் உறங்காது நடமாடுவார். அவரைக் காப்பவர் பெரும்பாலும் மனைவியோ மகளோ மருமகளோ ஆவார். ஊதியமும் விடுமுறையும் இல்லாத இப்பணியில் அவருடைய உறக்கமும் உடல்நலமும் கெடுகின்றன. சிலர் தம் வேலையையே விட நேர்கிறது. சோர்வினால் சினந்து பேசிவிட்டுப் பின்னர் அதற்காக வருந்துவோர் பலர்.

மையம் செய்யும் பணி

இருவருக்கும் உதவுவது பகல்நேரப் பராமரிப்பு மையம். நோயாளர் காலையில் சென்று மாலையில் வீடு திரும்புவார். புதியனவற்றை நினைவில் நிறுத்த இயலாதவருக்கு நாள்தோறும் மாறாத நிகழ்வொழுங்கு அச்சத்தைக் குறைக்கிறது. நேற்று நடந்தது மறந்தாலும், இளமையில் கேட்ட பாடலும் கை பழகிய வேலையும் நெடுநாள் நிலைத்திருப்பதுண்டு. ஆதலால் பழைய பாடல்களைப் பாடுதல், பூத்தொடுத்தல், பல்லாங்குழி ஆடுதல், எளிய உடற்பயிற்சி போன்றவை அங்கே பயன்படுகின்றன. இவை நோயைக் குணப்படுத்துவதில்லை; எஞ்சியிருக்கும் திறன்களைப் பேணுகின்றன. பகலில் ஈடுபாட்டுடன் இருப்பவர் இரவில் ஓரளவு நன்கு உறங்கக்கூடும். அவர் உறங்கினால் வீடே உறங்கும்.

பராமரிப்பவருக்கோ ஓய்வெடுக்கவும் பணிக்குச் செல்லவும் சில மணிநேரம் கிடைக்கிறது. நோயாளரிடம் பேசும் முறையை மையத்தாரிடம் கற்கிறார். தம்மைப் போன்ற பிற குடும்பத்தினரைச் சந்தித்து ஆறுதல் பெறுகிறார். கேரளத்தில் 1992இல் தொடங்கப்பெற்ற இந்திய அல்சைமர் சங்கம் இத்துறையில் முன்னோடியாகும். எனினும், இத்தகைய மையங்கள் பெரும்பாலும் நகரங்களிலேயே உள்ளன. சிற்றூர்களுக்கும் அவை பரவ வேண்டும்.

பெற்றோரை மையத்தில் விடுவது அவர்களைக் கைவிடுவதாகாதா என்று சிலர் தயங்குவர். கைவிடுபவர் மாலையில் அழைத்துச்செல்ல வருவதில்லை. தம் வீட்டிலேயே பெற்றோரை நெடுங்காலம் வைத்துக் காக்க விரும்புவோர்க்கே இம்மையம் பெரிதும் உதவுகிறது.