பிழை காட்டும் வரியும் பிழை பிறந்த இடமும்

யூனிட்டி என்ஜினில் வீடியோ கேம் எழுதப் பழகுகிறவர்கள் தொடக்கத்திலேயே சந்திக்கும் சிவப்பு எழுத்துச் செய்தி ஒன்று உண்டு: நல் ரெஃபரன்ஸ் எக்ஸெப்ஷன். அதன் பொருள் எளிது. சி ஷார்ப் மொழியில் ஒரு மாறி, எதிரியையோ கதவையோ தனக்குள் வைத்திருப்பதில்லை. அந்தப் பொருள் நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் முகவரிச் சீட்டாகவே அது இருக்கிறது. சீட்டில் எதுவும் எழுதப்படாத நிலைதான் ‘நல்’. வெற்றுச் சீட்டு சும்மா இருக்கும்வரை தீங்கில்லை. அதை நம்பி ஒரு கட்டளையை அனுப்பும்போதுதான் பிழை எழுகிறது. ஆக, சீட்டு வெற்றாக விடப்பட்ட நேரம் வேறு, அதைப் பயன்படுத்திய நேரம் வேறு. கன்சோல் சுட்டிக்காட்டுவது இரண்டாவதை. திருத்த வேண்டியது பெரும்பாலும் முதலாவதை.

ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். எதிரியின் ஸ்கிரிப்ட், ‘ஆட்டக்காரன்’ என்ற பெயருள்ள பொருளைத் தேடி, அதன் ஆயுதத்தைக் கேட்டு, ஆயுதத்தின் வலிமையைப் படிக்கிறது. மூன்று வேலைகளும் புள்ளி வைத்து ஒரே வரியில் கோக்கப்பட்டிருக்கின்றன. கோப்பின் பெயரும் வரி எண்ணும் செய்தியில் இருக்கும். ஆட்டக்காரன் இல்லையா, ஆயுதம் இல்லையா என்பது இருக்காது. வரியை மூன்றாகப் பிரித்து எழுதினாலோ, அங்கே பிரேக்பாயின்ட் வைத்து மதிப்புகளைப் பார்த்தாலோ விடை தெரிந்துவிடும். ஆட்டக்காரன்தான் கிடைக்கவில்லை என்றால், அடுத்த கேள்வி: ஏன் கிடைக்கவில்லை? பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கலாம். பொருள் அந்த நேரத்தில் செயலிழக்கச் செய்யப்பட்டிருக்கலாம். பெயரால் தேடும் ஃபைண்ட், அப்படிப்பட்ட பொருள்களைக் கண்டுகொள்வதில்லை. அல்லது, அந்தப் பொருள் இன்னும் உருவாக்கப்படாமலே இருக்கலாம்.

இந்தக் கடைசிக் காரணம், வரிசை பற்றியது. ஒரு காட்சி திறக்கும்போது, அதில் செயலில் உள்ள பொருள்களின் அவேக் என்ற தொடக்கச் செயல்கள் எல்லாம் ஓடிமுடிந்த பிறகே ஸ்டார்ட் என்ற அடுத்த செயல் தொடங்குகிறது. ஆனால் எந்தப் பொருளின் அவேக் முதலில் ஓடும் என்பதற்கு, நாமே வரிசை குறித்து வைத்தாலன்றி, உத்தரவாதம் இல்லை. ஒன்றின் அவேக், மற்றொன்றின் அவேக் நிரப்பவேண்டிய மதிப்பை எதிர்பார்த்தால், இன்று ஓடும் கேம் நாளை உடையலாம். தனக்குரியதை அவேக்கில் தயார்செய்து, பிறரிடம் கேட்க வேண்டியதை ஸ்டார்ட்டில் கேட்பது என்ற வழக்கம் இதனால்தான் வந்தது.

‘இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? அந்த வரிக்கு முன்னால், வெற்றாக இல்லாவிட்டால் மட்டும் செய் என்று ஒரு இஃப் போட்டால் போதாதா?’ என்று கேட்கலாம். சிவப்பு எழுத்து மறைந்துவிடும் என்பது உண்மை. எதிரி மட்டும் தாக்காமல் நிற்கும். ஏன் நிற்கிறது என்று சொல்ல ஒரு செய்தியும் இராது. இருக்கிற ஒரே தடயத்தை நாமே அழித்துவிட்டு, அதைவிடக் கடினமான பிழையை வாங்கிக்கொள்கிறோம். இஃப் தவறானது என்பதல்ல வாதம். கண்ணெதிரே இலக்கு எதுவும் இல்லாத எதிரிக்கு வெற்று இலக்கு இயல்பான நிலை. அங்கே சோதனை அவசியம், இலக்கு இல்லாதபோது என்ன செய்வது என்பதும் எழுதப்பட வேண்டும். ஆனால் இருந்தே தீரவேண்டிய ஒன்று இல்லாதபோது, நிரலின் தொடக்கத்திலேயே உரக்கப் புகார் சொல்வதுதான் கேமுக்கு நல்லது.

சோதனையே ஏமாற்றும் இடமும் யூனிட்டியில் உண்டு. என்ஜினின் உள்பகுதி சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதப்பட்டது. நாம் கையாளும் சி ஷார்ப் பொருள் அதன் மேலுறை. டெஸ்ட்ராய் செய்த பின் உள்ளிருப்பது அழிந்தாலும் மேலுறை எஞ்சியிருக்கும். இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால் யூனிட்டி அதை ‘நல்’ என்றே சொல்லும். அந்தக் குறியின் பொருளை அது மாற்றி வைத்திருக்கிறது. வெற்றா என்று சோதிக்க உதவும், கேள்விக்குறியும் புள்ளியும் சேர்ந்த சுருக்கக் குறி இந்த ஏற்பாட்டை அறியாது. அழிந்த பொருளை உயிருள்ளது என்று நம்பி உள்ளே போகும். பிழை வேறு பெயரில் வெடிக்கும்.

‘குற்றம் மொழியினுடையது’ என்பது இன்னும் வலுவான மறுப்பு. 1965இல் ஆல்கால் டபிள்யூ மொழிக்காக ‘நல்’ ரெஃபரன்ஸை வடிவமைத்த டோனி ஹோரே, 2009இல் அதைத் தமது நூறு கோடி டாலர் தவறு என்றே சொன்னார். காட்லின், ஸ்விஃப்ட் போன்ற மொழிகள் வெற்றாக இருக்கக்கூடியதையும் கூடாததையும் பிரித்தே வைக்கின்றன. 2019இல் வந்த சி ஷார்ப் 8, வெற்றாக இருக்கக்கூடிய இடங்களைப் பற்றிக் கம்பைலர் எச்சரிக்கும் வசதியைத் தந்தது. இவற்றைப் பயன்படுத்தத்தான் வேண்டும். ஆனால் யூனிட்டியில் பல மாறிகளை நிரப்புவது நிரல் அல்ல. இன்ஸ்பெக்டர் பலகத்தில் இழுத்துவிடும் கை. கம்பைலர் அந்தக் கையைப் பார்ப்பதில்லை. அதனால் எந்த மாறியை யார், எப்போது நிரப்ப வேண்டும் என்ற பொறுப்பை எழுதுகிறவர்தான் தீர்மானிக்க வேண்டும். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடிந்தால்தான் பிழை தீர்ந்தது. செய்தி மறைந்ததை மட்டும் வைத்துத் தீர்ந்ததாகக் கொள்ளக் கூடாது.